மறைந்து நின்றெய்தல்

கொல்லாமையை மாணாக்கர்க்குக் கற்பிக்கும் உபாத்தியாயர் பெரும்பாலும் இறைச்சிக்கடையையும் சிறுதேவதைகள் முன்னிலையில் இடப்படும் பலியையும் எடுத்துக்காட்டி அமைந்துவிடுகின்றனர். அவை கண்கூடாகிய கொலைகள்; அவற்றைப் பழித்தல் எளிது. ஆயின், தம் கொலைக்கு ஒரு நெறி வகுத்து, அந்நெறிக்குச் சட்டத்தின் காவலுந் தேடி, கொல்லப்படும் இனம் பெருகுதற்பொருட்டுத் தம் கைப்பொருளுஞ் செலவிட்டு, "யாம் செய்வது கொடுமையன்று, ஓரொழுக்கமே" என்று நிற்பாரை நோக்கி யாது கூறுவது? வட அமெரிக்காவிலே இளவேனிற்காலத்தில் வில்லேந்தி மறைவிடத்திலிருந்து காட்டு வான்கோழியை வேட்டையாடுவோர் இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றனர். ஒருவர் கூற்றை முழுதுங் கேளாது மறுத்தல் தருக்கமுறையன்று. ஆதலின் அவர் செய்வது இன்னதென்பதனை முதற்கண் கூறுதும்.

வான்கோழி என்றவுடன் நம்மாணாக்கர் நினைவில் வருவது, மூதுரையிலே மயிலைப் பார்த்துத் தானும் ஆட முற்பட்ட பறவையே. அவ்விடத்து அப்பெயர் எப்பறவையைக் குறித்தது என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டா. இன்று நாம் வான்கோழியென்று வழங்கும் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. கொலம்பசு 1492 இல் அங்குச் சென்ற பின்னரே ஏனைநாடுகளிற் பரவியது. மொகலாய வேந்தராகிய சகாங்கீர், 1612 இல் கோவாவிலிருந்து தமக்குக் கொணரப்பட்ட வான்கோழியை ஓர் அதிசயப்பொருளாக எண்ணி, மன்சூர் என்னும் ஓவியரைக்கொண்டு எழுதுவித்தார்.

பண்ணையிலே ஊனின்பொருட்டு வளர்க்கப்படும் கொழுத்த வெள்ளைப்பறவை வேறு. காட்டில் வாழும் இப்பறவை வேறு. காட்டுச்சேவல் 8 முதல் 11 கிலோகிராம் வரை நிறையுடையது; செம்பும் பசுமையும் கலந்து மின்னுங் கருமையுடையது; மார்பின் நடுவே தாடிபோன்ற ஒரு மயிர்க்கற்றை தொங்கும். இரவில் மரக்கிளையிலே தங்கி, வைகறையில் அங்கிருந்தபடியே முழங்கும். அம்முழக்கங் கேட்ட பேடை சேவலைத் தேடிச் செல்லுதலே அவ்வினத்தின் இயற்கை. கண்ணோ மிகக் கூரியது. தலையைச் சிறிது திருப்பிய அளவில் தன்னைச் சூழ்ந்தன யாவற்றையுங் காணும். மனிதன் ஒரு விரலை அசைப்பினும் ஐயுற்று ஓடிவிடும்.

வேட்டுவன் அவ்வியற்கையைத் தலைமாற்றுகின்றான். பேடையின் குரலைத் தான் எழுப்பி, சேவலைத் தன்பால் வரச் செய்கின்றான். அப்பறவையின் சிறகெலும்பையே குழலாக்கி உறிஞ்சி ஒலித்தல் தொன்றுதொட்ட வழக்கம். மரப்பெட்டியின் விளிம்பில் மூடியை உரசியும், கற்பலகையிற் சிறுகோலைத் தேய்த்தும், மேல்வாயில் அடக்கிய மெல்லிய சவ்வினூடே மூச்சை விட்டும் ஒலிப்பாரும் உளர். எதிரே சில அடித் தொலைவில் பேடையின் வடிவாகிய பொய்ப்பறவை ஒன்றை நிறுத்துவர். பழக்கிய விலங்கொன்றைக் காட்டி அதன் இனத்தை அகப்படுத்துஞ் சூழ்ச்சியைப் பழந்தமிழ்ச் சான்றோர் "பார்வை" என்று வழங்கினர். இஃது அதன் வேறொரு வடிவம். நம் நாட்டுச் சிறுவர் பாடத்திலே வான்கோழி பிறிதொன்றைப்போல நடிக்கின்றது. அமெரிக்கக் காட்டிலே மனிதன் வான்கோழியைப்போல நடிக்கின்றான்.

துப்பாக்கியேந்தியவன் ஒரு மரத்திற் சாய்ந்து அசைவின்றி இருந்தாற் போதும். வில்லாளனுக்கு அஃது இயலாது. நாணை இழுத்தற்குக் கையை நீட்டி மடக்கல் வேண்டும். அவ்வசைவைப் பறவை காணும். ஆதலின் அவனுக்கு மறைப்பு வேண்டியதாகின்றது. அம்மறைப்பு பெரும்பாலும் துணியாலாகிய சிறு கூடாரம், உட்புறம் கருநிறமுடையது, உள்ளே இருப்பவனும் கரிய ஆடை புனைந்து, சிறிய சாளரத்தின்வழியே நோக்கியிருப்பான். இத்துணைக் கூரிய கண்ணுடைய பறவை, நேற்றில்லாத கூடாரம் ஒன்று இன்று நிற்றலைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை என்பது வியப்பே. வில்லும் நம் புராணங்களிற் கேட்ட வில்லன்று. மிசூரி மாநிலத்தவராகிய ஆலன் என்பவர் ஆக்கி 1969 இல் உரிமைப்பத்திரம் பெற்ற, கப்பிகள் பூட்டிய வில்லே இன்று பெருவழக்கு. நாணை முற்றும் இழுத்தபின் அதன் பாரத்திற் பெரும்பகுதி நீங்கிவிடுமாதலால், குறிபார்த்துப் பொறுத்திருத்தல் அதில் எளிதாகின்றது. ஆயினும், பறவை ஏறக்குறைய 20 மீற்றருக்குள் வந்தாலன்றி நல்ல வில்லாளர் எய்யார்.

இனி அவர்தம் நியாயத்தைக் கேட்போம். வெள்ளையர் அக்கண்டத்திற் குடியேறிய பின்னர்க் காடுகள் அழிந்தன. சந்தையின்பொருட்டு வான்கோழிகள் வரையறையின்றிக் கொல்லப்பட்டன. ஒரு கோடிவரை இருந்ததாகக் கருதப்படும் இனம் 1930களில் 2 இலட்சமளவாகச் சுருங்கியதென்று மதிப்பிடுகின்றனர். 1937 இல் ஐக்கிய அமெரிக்க அரசு, வேட்டைத் துப்பாக்கிக்கும் அதன் தோட்டாக்களுக்குமுரிய வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே உரித்தாக்கிச் சட்டமியற்றிற்று. 1972 இல் வில்லும் அம்பும் அவ்வரிக்கு உட்பட்டன. வரி செலுத்துவோர் வேட்டைக்காரர். அச்சட்டத்தை வேண்டி நின்றவருள்ளும் அவரே முற்பட்டவர். பண்ணையிற் பொரித்த குஞ்சுகளைக் காட்டில் விட்டபோது அவை பிழைத்தில. 1951 இல் தென் கரோலினாவிலே, வெடிவிசையால் வலையை வீசிக் காட்டுப்பறவைகளையே உயிரோடு பிடிக்கும் முறை கையாளப்பட்டது. அவ்வாறு பிடித்தவற்றைப் பறவையற்ற காடுகளிற் கொண்டுபோய் விட்டனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வினம் 60 இலட்சத்துக்கு மேற்பட்டது. இன்று அலாஸ்கா ஒழிந்த 49 மாநிலங்களிலும் அதன் முழக்கங் கேட்கின்றது.

இஃதன்றி, அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விலக்குகளும் பல. மரக்கிளையில் உறங்கும் பறவையை எய்தல் இழிவு. இரை தூவி வரவழைத்தலும், பதிவுசெய்த குரலை இயந்திரத்தால் ஒலிப்பித்தலும் பெரும்பாலான மாநிலங்களிற் குற்றம். வேனிற்காலத்திற் பெரும்பாலும் தாடியுடைய பறவையையே கொல்லலாம். ஒருவன் ஒரு பருவத்திற் கொல்லத்தக்கவை இத்துணை என்னும் வரையறையும் உண்டு. தியோடர் ரூஸ்வெல்ற்றும் அவர் நண்பரும் 1887 இல் நிறுவிய சங்கத்தின் காலந்தொட்டு இவ்வொழுக்கத்தை "நேர்மையான வேட்டை" என்று போற்றி வருகின்றனர்.

வில்லை அவர் மீண்டுங் கையிலெடுத்த வரலாறு தனியே கருதத்தக்கது. 1911 இல் கலிபோர்னியா மாநிலத்து ஒரோவில் என்னும் ஊர்ப்புறத்தே, யாகி என்னும் குலத்தில் எஞ்சிய ஒரே மனிதர் பசியால் மெலிந்து வெளிப்பட்டார். அவர் குலத்தவரைக் குடியேறிய வெள்ளையர் விலங்குகளை வேட்டையாடுவதுபோல வேட்டையாடி ஒழித்திருந்தனர். இஷி என்று பெயரிடப்பட்ட அவர், சான்பிரான்சிஸ்கோவிலே பல்கலைக்கழகத்து நூதனசாலையில் வாழ்ந்து 1916 இல் இறந்தார். அவருக்கு நண்பரும் வைத்தியருமாகிய சாக்ஸ்ரன் போப் என்பவர் அவரிடம் வில்வித்தை பயின்று, 1923 இல் வில்வேட்டையைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவின் இக்கால வில்வேட்டைக்கு அந்நூல் ஒரு பெருந்தூண்டுகோல். இஷி வேட்டைக்கு முன்னாள் மீனும் புகையிலையும் நீக்கி, மறுநாள் விடியலில் நீராடி வாய்கழுவி, உணவுகொள்ளாது புறப்படுவார் என்றும், மடித்த இலையால் மான்கன்றின் குரலைக் காட்டுவார் என்றும் போப் எழுதுகின்றார். பசித்தோன் ஒருவன் உயிர்வாழ்தற்பொருட்டுச் செய்த அக்கொலைக்கு முன்னிகழ்ந்த நீராட்டும் நோன்பும், அக்கொலை சிறிய காரியமன்று என்று அவன் உணர்ந்திருந்தமைக்குச் சான்று. பின்வந்தோர் அவர் வில்லை எடுத்துக்கொண்டனர். அவ்வில்லுக்குக் காரணமாகிய பசியை எடுத்துக்கொண்டிலர்.

இனி ஆராய்வோம். வில்லைக் கொள்ளுதல் பறவைக்குத் தப்புதற்கு வாய்ப்பளித்தலாம் என்பது அவர் கூற்று. துப்பாக்கிக்குத் தப்பாத தொலைவிலுள்ள பறவை வில்லுக்குத் தப்பும், இது மெய்யே. அணுகி வந்த பறவைக்கு நேர்வது யாது? இறகின் தொகுதி அதன் உடலைப் பெரிதாகக் காட்டும். உயிர்நிலையோ ஒரு கைப்பிடியளவே. சேவல் தோகைவிரித்துத் திரும்புந்தோறும் அவ்வுயிர்நிலை கண்ணுக்கு இடம்பெயரும். அம்பு அதனிற் படாது தொடையிலோ சிறகடியிலோ தைப்பின், பறவை ஓடியும் பறந்தும் புதருட் புகுந்து, காண்பாரின்றி நெடும்பொழுது வருந்தி இறக்கும். நல்ல வேட்டுவர் இதனை அறிவர். ஆதலாலேயே பலநாட் பயின்று, ஐயமுள்ளபோது எய்யாது விடுகின்றனர். அப்பயிற்சி இவ்விடரைக் குறைக்கும், ஒழிக்கமாட்டாது. எனவே, அருமையைத் தேடி மேற்கொண்டவன் வேடன். அவ்வருமை பிழைத்தபோது வரும் நோவைச் சுமப்பது பறவை. மேலும், தப்பும் வாய்ப்பளித்தற்கென்று வில்லை எடுத்தவன், அவ்வாய்ப்பைப் பறித்தற்கென்று கூடாரத்தையும் பொய்ப்பேடையையும் கப்பிகளையும் தேடுகின்றான். ஒருகையாற் கொடுத்ததனை மறுகையால் வாங்கிக்கொள்ளுதல் இதுவன்றோ?

அருமையானதெல்லாம் அறமென்னும் மயக்கம் வேட்டைக்காரர்க்கு மட்டும் உரியதன்று. கடுவிரதம் பூண்டு, அதன் வெம்மையை வீட்டிலுள்ளாரெல்லாம் தாங்கும்படி நடப்பாரை நாமுங் கண்டிருக்கின்றோம். ஒரு செயலின் அருமை செய்வானைப்பற்றிய செய்தி. அதன் கொடுமையை அளக்கவேண்டுமாயின், அச்செயலைப் பொறுக்கும் உயிரின் பக்கத்தே நின்று அளத்தல் வேண்டும்.

நேர்மை என்னுஞ் சொல்லையும் நோக்குக. மற்போரிலே நேர்மை உண்டு. இருவரும் விதியறிந்து, உடன்பட்டுக் களம்புகுகின்றனர். தோற்றவன் எழுந்து வீடு செல்வான். வான்கோழி எவ்விதிக்கும் உடன்பட்டதன்று. தான் ஒரு களத்தில் நிற்பதும் அதற்குத் தெரியாது. ஆகவே "நேர்மையான வேட்டை" என்பது வேட்டுவர் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கை. அது வீணன்று. பேராசையை அடக்கிற்று, இனத்தை அழிவினின்று காத்தது. ஆயினும், அவ்வுடன்படிக்கையிற் பறவையின் பெயரை ஒரு கட்சியாகச் சேர்த்தெழுதுதல் பொய்.

இதனோடொத்த ஒரு வழக்கு நம் இதிகாசத்திலே உண்டு. மறைந்து நின்று தன்னை எய்ததற்குக் காரணம் யாதென்று வாலி வினாவ, வான்மீகத்திலே இராமர் கூறும் விடைகளுள் ஒன்று, மனிதர் வலையாலும் கயிற்றாலும் மறைவாலும் விலங்குகளைக் கொள்ளுதல் குற்றமாகாது என்பது. அவ்விடை வாலிக்குப் பொருந்துமா என்பதுபற்றிப் பண்டிதர் இன்றுகாறும் வாதிடுகின்றனர். கம்பர் வேறொரு விடையை இலக்குவன் வாயில் வைத்தார். அவ்வாதத்திலே நாம் புகவேண்டியதில்லை. நாம் கருதவேண்டியது ஒன்றே: தன் தோலும் ஊனும் எவர்க்கும் பயன்படா, தன்னைக் கொன்றது ஏன் என்று வாலி முறையிட்டான், தோலும் ஊனும் பயன்படும் விலங்கின்பொருட்டு அங்கே ஒருவரும் முறையிட்டிலர். மறைந்து நிற்றல் மனிதர்க்கு ஆகாது, விலங்குக்கு ஆம் என்பதை இருபக்கத்தாரும் ஒப்புக்கொண்டே வழக்காடினர்.

முறையிட்டதொரு குரல் மகாபாரதத்தில் உண்டு. கிந்தமர் என்னும் முனிவர் மானுருவங்கொண்டு தம் மனைவியோடு கூடியிருந்தபோது பாண்டுவேந்தன் எய்தான். மான்களை வெளிப்படையாகவும் சூழ்ச்சியாலும் கொல்லுதல் அரசர்க்கு உரியதே என்று அவன் வாதிட்டான். கொன்றதற்காக உன்னைப் பழிக்கவில்லை. கூடியிருந்த பொழுது முடியுமளவும் நீ பொறுத்திருக்கலாகாதா என்பதே வீழ்ந்த மானின் கேள்வி. சாபம் கொலைக்கு வந்ததன்று, கொல்லத் தெரிந்துகொண்ட அப்பொழுதுக்கு வந்தது. வான்கோழி வேட்டையிலே அப்பொழுது தற்செயலாக நேர்ந்ததன்று. வேட்டை முழுதும் அதன்மேலேயே கட்டப்பட்டுள்ளது. பறவையின் அச்சமின்மையையோ பசியையோ வேடன் பயன்படுத்தவில்லை. இரை தூவுதலை அவனே இழிவென்கின்றான். ஆயின் இணைவிழைச்சின் குரலைப் பொய்யாகக் காட்டி அழைத்தல் அவனுக்குக் கலை. வயிற்றைக் காட்டி ஏமாற்றுதல் இழிவாயின், காதலைக் காட்டி ஏமாற்றுதல் உயர்வாமாறு எங்ஙனம்? இவ்விடத்திலே அவர் நூல்களிற் பலகாலுந் தேடியும் மனநிறைவு தரும் விடையொன்று கிடைத்திலது. அழைத்தல் கடினம், ஆதலின் சிறந்தது என்பதே திரும்பத்திரும்ப வருகின்றது.

அழைப்பின் இடர் வேடரையும் விட்டதன்று. பேடைபோற் கூவும் ஒருவனைப் பறவையென்றெண்ணி வேறொரு வேடன் சுட்ட நிகழ்ச்சிகள் அந்நாட்டிற் பலகாலும் நிகழ்ந்துள்ளன. "ஒலியைக் குறித்து எய்யாதே, முழுதுங் கண்டபின் எய்" என்பது அங்கே புதியோர்க்குக் கற்பிக்கப்படும் முதல்விதி. நீர்முகக்கும் ஒலியைக் குறித்தெய்த தசரதர் சரிதத்தை அறிந்த நம்மாணாக்கர்க்கு இவ்விதியின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

அற்றேல், அவ்வேட்டுவர் வரியாலன்றோ அவ்வினம் பிழைத்தது. அவர் கொல்லாதிருப்பின் அவ்வரியும் இல்லை, பறவையும் இல்லையே எனின், அது வலிய தடை. அதனை நகைத்துத் தள்ளலாகாது. ஆயினும், இனம் என்பது நாம் எண்ணி வகுத்த ஒரு தொகை. நோவறிவது இனமன்று, உயிர். உயிர்கள் பலவென்றும், அவை தனித்தனி வினையும் நுகர்ச்சியும் உடையனவென்றும் சைவசித்தாந்தம் வற்புறுத்தும். நூறு பறவை பிறத்தற்கு ஏதுவானமையால், அந்நூற்றுள் ஒன்று அம்புபட்டுத் துடித்தது துடியாமை ஆகாது. ஊருக்குக் குளம் வெட்டியவன் போற்றத்தக்கவன். அக்குளத்தில் நீருண்ண வந்த ஒருவனை அடித்தற்கு அது உரிமை தருவதில்லை. புண்ணியத்தையும் பாவத்தையும் ஒரே ஏட்டிற் பற்றுவரவாக எழுதிக் கழித்துக்கொள்ளும் வாணிகம் நம் ஆசாரியர்க்கு உடன்பாடன்று. இரண்டும் தனித்தனியே நுகர்ந்து தீரவேண்டுவன.

இங்ஙனங் கூறுங்கால் நாம் நிமிர்ந்து நிற்றற்கு இடமில்லை என்பதையும் உடன்கூறல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவிலே ஆண்டுதோறும் ஏறக்குறைய 20 கோடி வான்கோழிகள் பண்ணைகளில் வளர்த்துக் கொல்லப்படுகின்றன. மார்பூன் பெருக்கும்பொருட்டு ஆக்கப்பட்ட அவ்வெள்ளைப்பறவைகள் இயல்பாகக் கூடவும் இயலாதன. ஐந்து மாதமும் நிரம்புமுன்னரே அவற்றுட் பெரும்பாலன மடிகின்றன. அவ்வூனை வாங்கி உண்பவன் காட்டு வேடனைக் கொடியன் என்றால், வேடன் நகைப்பான், நகைத்தற்கு உரியவனே. நாம் அவ்வூனும் உண்ணாதார். ஆயின், உண்ணாமையோடு நம் கடன் முடிந்ததா? நம்மூர்க் குளத்தையும் பற்றைக்காட்டையும் நாடிவரும் பறவைகளின்பொருட்டு நாம் எத்துணை வரி செலுத்தினோம், எத்துணைக் குளம் தூராமற் காத்தோம் என்று அவ்வேடன் கேட்பானாயின், கொல்லாமை என்னும் ஒன்றையே விடையாகக் கூறுதல் போதாது.

வகுப்பிலே கண்ணப்பநாயனார் சரிதம் படிக்கும்போது, அன்பிற் சிறந்தவர் வேட்டைக்காரராயிருந்தாரே, வேட்டை தீதாயின் அது எவ்வாறு பொருந்தும் என்று கூரிய மாணாக்கன் ஒருவன் கேட்பது உண்டு. அவனை அதட்டி இருத்தாது, அச்சரிதத்தின் கன்னிவேட்டைப் பகுதியை மீட்டும் படிப்பித்தல் நன்று. அங்கே வேடர் யானைக்கன்றைத் தொடராமையையும், சிறுகுட்டிகளைக் கொல்லாமையையும், கருக்கொண்டு தளர்ந்து நடக்கும் பிணையை வருத்தாமையையும் சேக்கிழார் எடுத்துக் கூறியுள்ளார். தாடியுடைய பறவையையே எய்க என்னும் அமெரிக்கச் சட்டமும் இவ்வகையினதே. காட்டிற் பிறந்து வளர்ந்தோரிடத்தும் கொலைக்கு ஒரு வேலியுண்டு என்று சேக்கிழார் காட்டினார். வேலியிட்டமையாற் கொலை அறமாயிற்று என்று அவர் கூறிற்றிலர். அன்பு தோன்றிய பின்னர்த் திண்ணனார் வில்லெடுத்தது இறைவர்க்கு ஊனமுது தேடுதற்கும், இரவில் அவரைக் காத்தற்குமே. முடிவிலே அம்பு சென்றது தம் கண்ணுக்கு.

அண்மைக்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்கள் சிலவற்றில் வான்கோழியின் தொகை மீண்டும் குறையத் தொடங்கியது. சேவல்கள் பேடையோடு கூடுமுன்னரே பருவத்தொடக்கத்திற் கொல்லப்படுதல் அதற்கு ஒரு காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுற்றனர். 2023 இல் டென்னசி மாநிலத்தார் வேனில்வேட்டை தொடங்கும் நாளை இரண்டு வாரம் பின்னிட்டனர். பேடைகளுட் பல கருவுற்று முட்டையிடத் தொடங்கும்வரை வில்லுந் துப்பாக்கியும் காத்திருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. கிந்தமர் பாண்டுவிடம் கேட்டதும் இவ்வளவே. டென்னசியிலே அதனைக் கேட்டவர், அடுத்த ஆண்டுக்குப் பறவை குறையுமே என்று கவன்ற வேட்டுவர்.